காகிதப் பெட்டிக்கு வண்ணம்தான் தோல்

(நூலக அரங்கில் நடந்த கைவினைச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் புழங்கும் பெட்டி, டப்பா, கூடைகளுக்கு வண்ணம் தீட்டி அழகுபடுத்துவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உலகத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வேலை இருக்கிறது. நார்வேக்காரர்கள் மரப்பேழைகளில் கொடியும் பூவும் வரைந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் மகளுக்குக் கொடுக்கும் சீர்ப்பெட்டியில் துலிப் பூவும் பறவையும் தீட்டினார்கள். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போனால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஊரோடு நிற்கப் போகிறேன். அந்த ஊர் ஸ்ரீநகர். அங்கே காகிதக் கூழால் பெட்டி செய்து அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள்.

ஏன் அந்த ஊர் என்றால், வண்ணம் என்ன வேலை செய்கிறது என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. தேக்குப் பலகையில் செய்த பெட்டிக்கு வண்ணமே பூசாவிட்டாலும் அது பெட்டிதான். துணி வைக்கலாம், நகை வைக்கலாம். காகிதப் பெட்டியின் கதை வேறு. ஈரக் கை நாலு தடவை பட்டால் ஊறிப்போகும். நூறு, நூற்றைம்பது வருஷத்துக் காஷ்மீரக் காகிதப் பெட்டிகள் இன்றும் மூடி கழலாமல் இருக்கின்றன என்றால், வண்ணத்துக்கு அடியிலும் மேலும் இருக்கிற பூச்சுகள்தான் காரணம். அந்தப் பெட்டிக்கு வண்ணம்தான் தோல். அழகு வேறு, உழைப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் அங்கே ஒட்டிக்கிடக்கின்றன. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

காகிதக் கூழ் நமக்கும் புதிதல்ல. பழைய செய்தித்தாளை நாள்கணக்கில் ஊறப்போட்டு, வெந்தயத்தையும் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டி, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்த அம்மாக்களும் ஆச்சிகளும் இங்கே பல வீடுகளில் இருந்தார்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்துக்கொள்ளும். கசப்பு இருப்பதால் பூச்சி அண்டாது என்பார்கள். அதில் வற்றல் போட்டு வைத்தார்கள், பூண்டு வைத்தார்கள். வெளியே வண்ணத்தாள் ஒட்டினார்கள், அல்லது மிச்சமிருந்த பெயிண்டை அடித்தார்கள். கொலுவில் நாம் வைக்கிற காகிதக் கூழ் பொம்மைகளும் இதே குடும்பம்தான். ஆனால் நம் கூடை அடுக்களையோடு நின்றுவிட்டது. காஷ்மீரத்தில் அரசவை அதைக் கையில் எடுத்தது. ஒரே மூலப்பொருள்தான், கேட்டு வாங்க ஆள் இருந்ததால் அங்கே அது வேறு உயரத்துக்குப் போனது.

அங்கே இந்தத் தொழில் எப்போது வந்தது? 14-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த சூஃபி ஞானி மீர் சையது அலி ஹமதானியோடு கைவினைஞர்கள் பலர் வந்தார்கள் என்று காஷ்மீரிகள் சொல்கிறார்கள். 1420 முதல் 1470 வரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் மத்திய ஆசியாவிலிருந்து கலைஞர்களை வரவழைத்து ஊன்றவைத்தார் என்பது இன்னொரு மரபு. எதுவாக இருந்தாலும், அந்த நாளில் இதற்கு இருந்த பெயரைக் கவனியுங்கள்: ‘கார்-இ-கலம்தான்’. கலம்தான் என்றால் எழுதுகோல் பெட்டி. ஒரு முழுக் கலைக்கே ஒரு சாமானின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதுவும் எழுத்தர் தினமும் திறந்து மூடுகிற சாமான்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நம் ஊர் கணக்குப்பிள்ளைக்குக் கைப்பெட்டி எப்படியோ, அந்த ஊர் எழுத்தரான முன்ஷிக்குக் கலம்தான் அப்படி. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அகலம் மூன்று விரல். இரண்டு முனையும் உருண்டிருக்கும். வெளியே ஓர் உறை, உள்ளே இழுத்தால் வரும் தட்டு. தட்டில் நாணல் எழுதுகோல்கள், அவற்றைச் சீவ ஒரு சிறு கத்தி, ஒரு முனையில் மைக்கூடு. மை சிந்தும். வியர்வைக் கை பிடிக்கும். உள்தட்டு நாளுக்கு இருபது தடவை உறைக்குள் உரசிக்கொண்டு போய்வரும். இவ்வளவு அடி வாங்குகிற பொருளின்மேல்தான் ரோஜாவையும் ஐரிஸ் பூவையும் மயிரிழைக் கோட்டில் வரைந்தார்கள். தட்டை உறைக்குள் தள்ளிவிட்டால் அதன் பக்கவாட்டு மறைந்துபோகும். அங்கேயும் கொடி ஓடும். பெட்டியின் அடியில், மேசையோடு ஒட்டிக் கிடக்கிற பக்கத்திலும் பூ இருக்கும். பார்க்க வருகிறவருக்காக வரைந்ததல்ல அது. எடுத்துப் புழங்குகிறவர் ஒரு நாள் திருப்பிப் பார்ப்பார் என்று தெரிந்து வரைந்தது. இப்படிப்பட்ட பெட்டிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்குள் கிடப்பதால் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

இனி, செய்முறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே பாதிக்குமேல் வேலை முடிந்துவிடுகிறது.

அங்கே இரண்டு தொழில்காரர்கள். பெட்டி செய்கிறவர் சக்த்சாஸ். வண்ணம் தீட்டுகிறவர் நக்காஷ். வீடும் வேறு, கையும் வேறு. சக்த்சாஸ் பழங்காகிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார். கல் உரலில் போட்டு மர உலக்கையால் இடிக்கிறார். அரிசிக் கஞ்சிப் பசையைச் சேர்க்கிறார். மரத்தாலோ களிமண்ணாலோ ஆன அச்சின்மேல் கூழை அப்பி, அடுக்கடுக்காக ஏற்றி, காயவிடுகிறார். காய்ந்த பிறகு அச்சிலிருந்து கழற்ற வேண்டும் அல்லவா? சிறு ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அச்சை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் பசை போட்டு மறுபடி ஒட்டுகிறார். ஒட்டிய தடம் தெரியாதபடி அரத்தால் தேய்க்கிறார். இப்போது கையில் இருப்பது சாம்பல் நிறத்தில், எடையே இல்லாத, சொரசொரப்பான ஒரு கூடு. கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூடி சரியாக உட்காருமா, பத்து வருஷம் கழித்து விளிம்பு கோணுமா என்பதெல்லாம் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. சாக்குத் தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்துத் தடவுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்கள் இங்கே இருந்தால் தலையாட்டுவார்கள். பலகையின்மேல் அவர்கள் போடுகிற பூச்சும் ஏறக்குறைய இதுதான். அது காய்ந்ததும் தேய்ப்பு. நாம் உப்புத்தாளால் தேய்ப்போம். அவர்கள் சூளையில் அளவுக்குமேல் வெந்த செங்கல் துண்டால் தேய்க்கிறார்கள். பிறகு மெல்லிய தாளைச் சிறு துண்டுகளாக ஒட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தாள்தான் பின்னால் வண்ணம் வெடிக்காமல் காப்பாற்றுவது. கூழ், குளிருக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் விரியும். மேலே இருக்கும் சுண்ணப் பூச்சுக்கு அப்படி வளைந்துகொடுக்கத் தெரியாது. அதன்மேல் ஒட்டிய தாள் பூச்சு வெடிக்காமல் பிடித்துக்கொள்கிறது. பழைய பெட்டிகளில் மேற்பூச்சு மஞ்சள் பாய்ந்திருந்தாலும் விரிசல் இல்லாமல் இருப்பதைப் பார்த்தால், அந்தத் தாளை ஒட்டிய கைக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்வேன்.

அதற்குப் பிறகுதான் நக்காஷின் கை. முதலில் நிலம், அதாவது பின்னணி நிறம்: கறுப்பு, சிவப்பு, நீலம், அல்லது முழுக்கத் தங்கம். தங்கம் என்றால் தங்க ரேக்கு. பசை பூசிய இடத்தில் ரேக்கை ஒற்றி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மேலே பூ. ‘ஹசாரா’ என்று ஒரு வகை, ஆயிரம் பூ. ஒரு பூ இன்னொன்றை மிதிக்காமல், நிலமே தெரியாதபடி நெருக்கி வரைவது. ‘குல் அந்தர் குல்’ என்று இன்னொன்று, பூவுக்குள் பூ. சினார் இலை, பாதாம் பூ, மீன்கொத்தி, புல்புல் எல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் ஜன்னலைத் திறந்தால் தெரிகிறவை.

ஸ்ரீநகரின் பழைய பகுதியான ஸடிபலில் ஒரு நக்காஷ் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலோரம், தரையில் சம்மணம். பெட்டி இடது கையில். என்னை நிறுத்திவைத்தது அந்த இடது கைதான். வலது கையில் இருந்த தூரிகை அநேகமாக அசையவே இல்லை. வளைவு வரவேண்டிய இடத்தில் பெட்டி சுழன்றது. இதழ் முடிகிற இடத்தில் பெட்டி சாய்ந்தது. முதலில் இதழ்களை வெறும் வெள்ளைப் புள்ளிகளாக எல்லாப் பக்கமும் போட்டுக்கொண்டே போனார். பிறகு நிறம். பிறகு ஓரத்தில் நிழல். எல்லாவற்றுக்கும் கடைசியில், பூனை மயிரில் கட்டிய தூரிகையால் வரம்புக்கோடு. பென்சில் குறி எதுவும் இல்லை. மூடியை மூடிவைத்துத்தான் கொடியை வரைந்தார். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைக் கொடி ஒரு வரப்பைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போயிற்று. அப்புறம் மூடியைத் திறந்து, இடுக்குக்குள் வழிந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். எடுக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். “மூடி ஒட்டிக்கொள்ளும். பெட்டி திறக்கத்தானே?” என்றார்.

கடைசியாக வார்னிஷ். கோப்பல் என்ற மரப்பிசினை டர்பென்டைனில் கரைத்துப் பூசுவது பழைய முறை. பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவது. இது ஏறியபிறகுதான் காகிதம் தண்ணீருக்குப் பயப்படாமல் இருக்கிறது. வண்ணமும் அழியாது, காகிதமும் ஊறாது.

இந்தக் கை பெட்டியோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீநகரில் ஜீலம் ஆற்றங்கரையில் இருக்கும் ஷா ஹமதான் கான்கா என்ற சூஃபி மடத்தின் சுவரையும் விதானத்தையும் பாருங்கள். அதே பூ, அதே கொடி. கலம்தானில் வளர்ந்த பழக்கம் கூரைவரை ஏறியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐரோப்பாவுக்கு இந்தப் பெட்டி போன கதை தனி. 19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரச் சால்வைக்குப் பாரிஸில் பெரிய கிராக்கி. சால்வையை வைத்து அனுப்ப வண்ணக் காகிதப் பெட்டிகள் செய்தார்கள். அங்கே பெட்டியையும் தனியாக விலைக்குக் கேட்டார்கள். சாமான் வைத்துக் கொடுக்கிற பெட்டியே சாமான் ஆகிவிட்டது. 1870-71-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. சால்வை வியாபாரம் விழுந்தது. 1877-இலிருந்து காஷ்மீரத்தில் கொடிய பஞ்சம். நெசவாளர்கள் செத்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள். சால்வையை நம்பியிருந்த பெட்டியும் வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று. கிடைத்த ஆள் சுற்றுலாப் பயணி. காஷ்மீரத்தில் நிலத்தீர்வை அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் 1895-இல் வெளியிட்ட தம் நூலில், வெளிநாட்டுச் சந்தையின் ரசனை இந்தத் தொழிலைக் கெடுத்துவிட்டது என்று அப்போதே குறைபட்டிருக்கிறார்.

அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது. இப்போது ஏற்றுமதியில் பெரும்பங்கு கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளும் மணிகளும் நட்சத்திரங்களும். ஸடிபலின் ஷியா முஸ்லிம் குடும்பங்கள் உட்கார்ந்து அவற்றை வரைகிறார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த உருண்டைகள் பல வீடுகளில் அடுப்பை எரியவைக்கின்றன, சிலவற்றில் வேலைப்பாடும் அருமை. என் வருத்தம் வேறு. வருஷத்தில் சில வாரம் தொங்கி மறுபடி பரணுக்குப் போகிற பொருளுக்குக் கூழ் எதற்கு, தாள் எதற்கு, செங்கல் தேய்ப்பு எதற்கு என்று வியாபாரி கேட்க ஆரம்பித்துவிட்டார். கூழுக்குப் பதில் அட்டை வந்தது. கூழை விட மலிவான மரம் வந்தது. மேலே பூ அதே பூதான். கீழே இருந்த வேலை போய்விட்டது. சக்த்சாஸுக்கு வேலை குறைந்தது. அவர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். புழங்காத பொருளில் அடிவேலையின் அருமை தெரியவராது. தெரியாததற்கு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள்.

2014 செப்டம்பரில் ஸ்ரீநகர் வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். காகிதத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளம் எப்படிப்பட்ட அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் யுனெஸ்கோ ஸ்ரீநகரைக் கைவினைக்கான படைப்பு நகரங்களில் சேர்த்தது. இந்தக் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இவை நல்லவை, வரவேற்கிறேன். ஆனால் பட்டயம் சுவரில் மாட்டத்தான் உதவும். அடிப்பூச்சுக்குக் கூலி கொடுக்க, பெட்டியைக் கேட்டு வாங்கும் வீடு வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இந்த அரங்கில் பலர் தகர டப்பா, பழைய டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டின் எல்லாவற்றிலும் வண்ணம் தீட்டுகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. உங்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: பூவுக்குக் கொடுக்கிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு அடிக்குக் கொடுங்கள். தகரம் என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். துருவை உப்புத்தாளால் முழுக்க எடுங்கள்; துருவின்மேல் அடித்த பெயிண்ட், துருவோடு சேர்ந்து உரிந்து வரும். அதன்மேல் உலோகத்துக்கான பிரைமர், ரெட் ஆக்சைடு போதும். அது காய்ந்தபிறகு நிலம். அதுவும் காய்ந்தபிறகு பூ. வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் நேராக வரையாதீர்கள். உப்புத்தாளால் கொஞ்சம் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகம் பட்டாலே தோல் மாதிரி உரியும். மூடி உரசுகிற விளிம்பில் வண்ணம் வேண்டாம். அந்த நக்காஷ் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டுக் கூடாது. சாப்பாட்டுச் சாமான் வைக்கிற டப்பாவின் உள்பக்கத்தில் வண்ணம் படவே கூடாது. பழைய கால வெள்ளை, மஞ்சள் நிறங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். அதற்கு முந்திய பெயிண்ட் டப்பா பரணில் கிடந்தால் எடுத்து அடிக்காதீர்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். உலர்ந்த தூள் பறக்காமல் ஈரப்படுத்தித் தேயுங்கள். பழங்காலக் காஷ்மீரப் பெட்டி கையில் இருந்தாலும் அதில் முந்திரி, திராட்சை போட்டு வைக்க வேண்டாம். ஊசி நூல், சாவி, கண்ணாடி, கடிதம் வையுங்கள்.

கைவினைக் கண்காட்சியில் காஷ்மீரக் கடைக்குப் போனால், பூவைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். கூழ்ப் பெட்டி அதன் அளவுக்கு ஆச்சரியப்படும்படி லேசாக இருக்கும், மரம் கனக்கும். மூடியைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். அட்டை என்றால் அடுக்கு தெரியும். மூடியை மூடி, கொடி இடுக்கைத் தாண்டும்போது கோணலாகிறதா என்று பாருங்கள். திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடைக்காரரிடம் இது சக்த்சாஸ் செய்ததா, அட்டையா என்று நேராகவே கேளுங்கள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த வருஷம் கூழ்ப் பெட்டியைத் தேடி வாங்கி வருவார். விலை மூன்று மடங்கு சொல்லலாம். அந்த மூன்று மடங்கில் ஒரு பங்கு உரலில் இடித்தவருக்கு, ஒரு பங்கு செங்கல்லால் தேய்த்தவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்தபின் ஷோகேசில் பூட்டிவைக்காதீர்கள். நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, தினமும் திறந்து மூடுங்கள்.

மேசைமேல் நான்கு பெட்டிகள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இரண்டு கூழ், ஒன்று மரம், ஒன்று அட்டை. எது எது என்று எழுதவில்லை. வந்து தூக்கிப் பாருங்கள், திறந்து பாருங்கள், கவிழ்த்துப் பாருங்கள்; பார்த்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.